விடத் தெரிந்தவர்

அவிநாசி
10-6-2024

மாமா,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் பேசும்போது நடுவில் ஒரு இடைவெளி வருகிறது. இழுத்து, நிறுத்தி, மெல்ல வெளியே விடுகிற சத்தம். அது கேட்டதும் அதுவரை நீங்கள் சொன்னதெல்லாம் என் காதில் அழிந்துபோகிறது. நான் கத்துகிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலை அனுப்பிவிட்டு பட்டறையில் லேத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் கடிதம் எழுதுங்கள். போன் ரித்திகாவுக்கு மட்டும்.

ரித்திகாவை இன்று இங்கேயே மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். 'பேத்தி லீவுக்கு வந்திருக்குது' என்று அம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி அப்படிச் சொல்ல முடியாது. என் திருப்பூர் ஆபீசுக்கு இங்கிருந்து பஸ்ஸில் பக்கம்தான், அதில் சிரமமில்லை.

காரணம் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மார்ச்சில் அவள் மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். முகமூடி மாட்டி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இனிமே தொடமாட்டேன் கண்ணு" என்றீர்கள். வீட்டுக்கு வந்த அதே வாரம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று புகைத்தீர்கள். அவள் மேலே வந்து பார்த்துவிட்டாள். அழவில்லை. கீழே ஓடித் தன் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு போய், "உங்களுக்கும் இருமுதுங்களேப்பா, இத அடிச்சுக்கோங்க" என்று நீட்டினாள்.

அதற்கு மேல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளைப் பாருங்கள். அம்மா கோயிலுக்குக் கூட்டிவருவாள். குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். நான் வரமாட்டேன்.

சாய்ப்ரியா


கணபதி
17-6-2024

பிரியா,

உன் கடிதம் பட்டறைக்கு வந்தது. போஸ்ட்மேன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையில எழுதுன கடுதாசிங்க, யாருக்காச்சும் கல்யாணமுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். டிராயிங்கில் அளவு எழுதுகிற கை இது. ஆனால் நீ கிளம்பிய அன்று சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நான் ஒரே நாள்ல விட்டேன். உங்களால முடியலேன்னா எங்க மேல அவ்வளவுதான் பாசம்" என்றாய்.

நீ விட்டது உண்மை. பெங்களூரில் இருந்த காலத்தில் நாம் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொண்டோம். உன் ஆபீஸ் மாடிப்படி, என் ஆபீஸ் டீக்கடை. ரித்திகா வயிற்றில் வந்ததும் நீ கீழே போட்டாய், அதோடு முடிந்தது. நான் அன்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுத்துக்கொண்டே இருக்கிறேன். சூயிங்கம் மென்றேன். பேட்ச் ஒட்டினேன். சபரிமலைக்கு மாலை போட்டுப் பார்த்தேன். மாலையைக் கழற்றிய கையோடு பெட்டிக்கடைக்குப் போனேன்.

அப்பாவை உனக்கு நினைவிருக்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேச முடியாது. ரித்திகா அவர் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பாரு, அப்பாரு" என்று தாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவளை ஒரு கையால் தடவிக்கொண்டே இன்னொரு கையால், ஒரு பீடி பற்றவைத்துக் கொடு என்று எனக்குச் சாடை காட்டுவார். அவருக்கு எங்கள் மேல் பாசமில்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

காலையில் நீ ஆபீஸ் பஸ் பிடிக்கக் கிளம்புகிற நேரத்துக்கு இன்றும் உன் ஸ்கூட்டரை வெளியே எடுத்து வைக்கிறேன். சீட்டைத் துடைக்கிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே தள்ளி வைக்கிறேன். ஏன் செய்கிறேன் என்று கேட்காதே.

தனபால்


அவிநாசி
1-7-2024

மாமா,

ஸ்கூட்டரைப் பற்றியெல்லாம் எழுதாதீர்கள். அந்தக் கடிதத்தை ஆபீஸ் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ரித்திகாவுக்கு இங்கே வந்தபிறகு இரைப்பு குறைந்திருக்கிறது. ராத்திரி இருமி எழுவதில்லை. இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும்.

நான் விட்ட கதையை நானும் யோசித்துப் பார்த்தேன். அன்று காலை டெஸ்ட்டில் இரண்டு கோடு வந்தது. பெட்டியைக் குப்பையில் போட்டேன். இரண்டு மூன்று நாள் தலை லேசாக வலித்தது. அவ்வளவுதான். கை நடுங்கவில்லை, எரிச்சல் வரவில்லை, கனவில்கூட வரவில்லை. எனக்குத் தெரிந்த விடுதல் அது ஒன்றுதான். அதனால் நீங்கள் படுவது எனக்கு நடிப்பு மாதிரித் தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளதை எழுதுகிறேன்.

நான் புகைத்தது அம்மாவுக்குத் தெரியாது. "ஒரு ஆம்பளைக்கு அதக்கூட உட முடியலியா? அப்படியென்ன அதுல இருக்குது?" என்று தினமும் கேட்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் ஆபீசில் ஸ்ரீனிவாஸ் என்று ஒருவர். பதினைந்து வருடப் பழக்கத்தை விட்டிருக்கிறார். கோயமுத்தூரில் டாக்டர் யாஸ்மின் என்று ஒரு அம்மா இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்துகிறாராம். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

போங்கள்.

சாய்ப்ரியா


கணபதி
22-7-2024

பிரியா,

போனேன். இரண்டு தடவை போய்விட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்த அம்மா உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. நுரையீரல் படம் எதையும் காட்டிப் பயமுறுத்தவில்லை. "ஏனுங்க தனபால், காலையில எந்திரிச்சா மொத சிகரெட்டு எப்பங்க?" என்று கேட்டார்.

"காப்பிக்கு முந்தியேங்க."

"நடு ராத்திரி எந்திரிச்சுப் புடிப்பீங்களா?"

"அதுவும் உண்டுங்க."

"வீட்ல வேற யாராச்சும்?"

அப்பாவைச் சொன்னேன். அவருடைய அண்ணனைச் சொன்னேன். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார். அவர்கள் ஏதோ ஆய்வும் நடத்துகிறார்களாம், அதற்கு எச்சிலும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் தடவை போனபோது உட்காரவைத்துப் படம் வரைந்து காட்டினார்.

நம் ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. நிகோடினைச் சிதைத்து வெளியேற்றுவது அதன் வேலை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது பெரும்பாலும் பிறக்கும்போதே வாங்கிவந்த மரபணுவைப் பொறுத்தது. சிலருக்கு மெதுவாக நடக்கும். ஒரு சிகரெட் பிடித்தால் அது ரத்தத்தில் வெகுநேரம் நிற்கும், அடுத்தது கேட்காது. "உங்களுது ரொம்ப வேகமுங்க. ஊத்த ஊத்தக் காலியாயிருது. அதான் உடம்பு இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேக்குது" என்றார். இன்னொன்றும் சொன்னார். மூளையில் நிகோடின் போய் ஒட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பலருக்கு அதிகமாகப் போனால் தலை சுற்றி, குமட்டி, போதும் என்று உடம்பே சொல்லிவிடும். என் உடம்பில் அந்த 'போதும்' மெதுவான குரலில்தான் ஒலிக்கிறதாம்.

நான் கேட்டேன். "அப்ப என்னால முடியாதுங்களா?"

"முடியாதுன்னு நான் சொல்லலீங்க. மரபணு பாதிக் கதைதான். மீதிக் கதை உங்க பழக்கம், உங்க கூட்டாளிக, உங்க மனசு. இத்தன நாளா உங்களுக்குப் பொருந்தாத மருந்த வெச்சுட்டு முட்டிட்டு இருந்திருக்கீங்க, அதத்தான் சொல்றேன். பேட்ச்சு உங்க மாதிரி ஆளுகளுக்கு அவ்வளவா நிக்காதுங்க. வேற மாத்திரை இருக்குது."

பிரியா, வெளியே வந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டவுன் பஸ்கள் வந்து வந்து போயின. நான் கேவலமான ஆள் என்று இத்தனை வருடம் எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவையும் மனசுக்குள் அப்படித் திட்டியிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ரித்திகாவின் நினைவு வந்தது. அவளுக்கு என் மூக்கு, என் நெற்றி. வேறு என்னவெல்லாம் கொடுத்திருக்கிறேனோ.

தனபால்


அவிநாசி
29-7-2024

மாமா,

ஆக, உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இனி யாரும் உங்களை எதுவும் கேட்க முடியாது. ஈரல் செய்கிறது, மூளை செய்கிறது, செத்துப்போன மாமனார் செய்கிறார். நீங்கள் மட்டும் எதுவும் செய்யவில்லை.

கடைசி வரியை ஏன் எழுதினீர்கள்? அதைப் படித்ததிலிருந்து அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளை அந்த வீட்டுப் புகையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்தேன். ரத்தத்திலேயே கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள் என்றால் நான் எங்கே தூக்கிக்கொண்டு போவது?

பதில் வேண்டாம்.

சா.


கணபதி
26-8-2024

பிரியா,

பதில் வேண்டாம் என்றாய். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆனால் உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கும்போது சும்மா இருப்பது சரியில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "கொழந்தைக்கு டெஸ்ட்டு எடுக்கலாங்களா?" என்றேன். "எதுக்குங்க? அவளுக்கு என்ன வந்திருக்கும், யார்கிட்டருந்து வந்திருக்கும்னு இப்பத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்லை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மொத சிகரெட்டப் பத்தவெக்காத வரைக்கும் இந்த மரபணுவால அவள ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதை உன்னிடம் சேர்த்துவிடத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்று. சுதந்திர தினத்தன்று விட்டேன். மாத்திரையை அதற்கு முந்தியே ஆரம்பித்தாகிவிட்டது. குமட்டுகிறது. கண்டபடி கனவு வருகிறது. நேற்று உன் அம்மா நம் லேத்தில் உட்கார்ந்து ஷாஃப்ட் கடைவதாகக் கனவு. ரொம்ப நேர்த்தியாகக் கடைந்தார்.

காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்படி இல்லை. முன்பெல்லாம் விட முயன்று தோற்றால், நான் இவ்வளவுதான் என்று திரும்பிப் போய்விடுவேன். இப்போது எதனோடு மல்லுக்கட்டுகிறேன் என்று தெரிகிறது.

பட்டறையில் அங்கப்பண்ணன் என் பக்கத்தில் வந்து பற்றவைப்பதில்லை. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பிடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறார். நான் கேட்கவே இல்லை. முந்தாநாள் காலை லேத்தை ஓட்டியதும் ஆயில் வாடை மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் அதில் நின்றிருக்கிறேன், இப்படி ஒரு வாடை இருப்பதே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். உன் புடவைகளில் என்ன வாசம் இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ பக்கத்தில் இருந்த காலமெல்லாம் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

தனபால்


அவிநாசி
23-9-2024

மாமா,

நான் டாக்டர் யாஸ்மினைப் பார்க்கப் போனது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கோபக் கடிதத்தைப் போட்ட பிறகு ஆகஸ்டில், சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன். 'ஆம்பளைகளுக்கு நல்லா சாக்கு எழுதிக் குடுக்கறீங்க' என்று கேட்பதற்காக. கேட்டும்விட்டேன். அந்த அம்மா சிரித்தார். "நீங்க புடிச்சிருக்கீங்களா?" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. ஆமாம் என்றேன்.

"விட்டது எப்படிங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லீங்க. சும்மா விட்டுட்டேன்."

"அப்ப உங்க எச்சிலையும் குடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு இது தேவையே இல்லை. ஆனா நீங்க தெரிஞ்சுக்கோணும்னு நெனைக்கறேன்."

போன வாரம் முடிவு வந்தது. நான் மெதுவான ஜாதி. நிகோடின் என் உடம்பில் வெகுநேரம் சாவகாசமாக உட்கார்ந்திருக்குமாம். அதனால்தான் பெங்களூரிலும் நீங்கள் ஒரு பெட்டியை முடிக்கும்போது நான் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அதை நான் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். வயிற்றில் பிள்ளை வந்ததும் விட்டதை என் வைராக்கியம் என்று நினைத்திருந்தேன். டாக்டர் அதை முழுதும் பறிக்கவில்லை. "பிள்ளைக்காக விட்டது நீங்கதானுங்க. ஆனா உங்களுக்கு மேடு இல்லாத ரோடு. அவருக்கு மருதமலைப் படிக்கட்டு" என்றார்.

அன்று கிளம்பும்போது நான் சொன்ன வார்த்தை தப்பு. பாசத்தை அதில் அளந்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, நானும் புடிச்சிருக்கறேன். பெங்களூர்ல." அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வர்றப்ப எதும் சாப்பிட்டு வர்றாரா, வெறும் வயித்தோட வர்றாரான்னு கேளு" என்றாள். நேற்று கோயிலில் உங்களுக்கு வந்த இனிப்பு ஒப்புட்டு அந்தக் கணக்கில்தான்.

நேற்று நானும் கோயிலுக்கு வந்திருந்தேன். உள்ளே வரவில்லை, செருப்பு விடும் இடத்தில் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் மெலிந்திருக்கிறீர்கள். ரித்திகா உங்கள் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள். நான் வீடு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. சமைக்கும்போது உங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு நாங்கள் வீட்டுக்கு வரட்டுமா?

ப்ரியா


கணபதி
20-10-2024

பிரியா,

வராதே.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு எத்தனை நாள் ஆனது என்பதைப் பார்த்தாலே உனக்குப் புரியும். உன் கடிதம் வந்த அன்று பட்டறைக்கே விடுமுறை விட்டேன். வீட்டை ஒட்டடை அடித்தேன். திரைச்சீலைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன். தண்ணீர் மஞ்சளாக ஓடியது. நம் வீட்டுச் சுவர்களுக்குள் அவ்வளவு புகை இருந்திருக்கிறது. நீ இன்னும் கொஞ்சம் முன்னாடியே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அப்புறம் இந்த மாதம் ஒரு பெரிய ஆர்டர், பம்ப் ஷாஃப்ட் மொத்தமும் அளவு தப்பு என்று திரும்பி வந்தது. தப்பு நம்முடையதுதான். லாரியில் இருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போதே என் கால்கள் ரோட்டைத் தாண்டிவிட்டன. ஒன்றோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலம் பெட்டியாக வாங்கினேன். அந்த வாரம் முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் இருந்தேனே, அது இதுதான். அவள் மோந்து பார்ப்பாள் என்று பயந்தேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "நெறைய பேருக்கு வழுக்குமுங்க. வழுக்குன எடத்துல உக்காந்துக்கறதுதான் தப்பு" என்று மாத்திரையை நீட்டித்து எழுதினார். மறுபடி நிறுத்தியிருக்கிறேன். ஆனால் இந்த நிறுத்தலை நம்பி ரித்திகாவைக் கூட்டிவராதே. எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மறைத்திருக்கலாம். உன்னை அவ்வளவு பார்க்க வேண்டும் போல இருந்தது. தீபாவளி கழிந்து சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தனபால்


அவிநாசி
25-10-2024

மாமா,

இதே செய்தியை மார்ச் மாதம் ரித்திகா கண்டுபிடித்தபோது எனக்கு வந்த கோபம் இன்று வரவில்லை. இந்த முறை நீங்களாக எழுதியிருக்கிறீர்கள்.

ரித்திகாவைக் கூட்டிவரவில்லை. நீங்கள் சொல்வது சரி. இந்த வருடப் பள்ளி முடியட்டும், அவள் நெஞ்சும் தேறட்டும்.

நான் மட்டும் வருகிறேன். தீபாவளிக்கு மறுநாள் காலை பஸ்ஸில். அதன்பிறகு வாராவாரம் சனிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சேர்ந்து அவிநாசிக்குத் திரும்புவேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "போ, போய் அவருக்கு ரெண்டு நாளாச்சும் சோறு பொங்கிப் போட்டுட்டு வா" என்கிறாள்.

உங்கள் சட்டையை மோந்து பார்க்க வரவில்லை. பையைத் துழாவமாட்டேன். வேண்டும் என்று உடம்பு கேட்கிற நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அது எனக்குத் தெரியாத இடம். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேசச் சொன்னால் பேசுகிறேன், சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிறேன்.

உங்களைப் பார்த்து எத்தனையோ நாளானது போல இருக்கிறது. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ப்ரியா


கணபதி
11-11-2024

பிரியா,

நீ நேற்றுதான் போனாய். எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீ போனபிறகு வீடு முன்பைவிட அதிகமாகக் காலியாக இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு அந்த வேகம் வந்தபோது நீ ஒன்றும் பேசாமல் என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தாயே, அது உதவியது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வந்தது, நெஞ்சை அடைத்தது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. முன்பு அது போகும் என்று எனக்குத் தெரியாது. போகும் வரை ஒருநாளும் காத்திருந்ததே இல்லை.

நீ சொன்ன அந்த மெது ஈரலில் கொஞ்சம் எனக்கும் கொடு.

உன்
தனபால்


அவிநாசி
14-4-2025

மாமா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோவைக்குப் பஸ் ஏறியபிறகு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

முதலில் நல்ல செய்தி. குழந்தை டாக்டர் ரித்திகாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, இன்ஹேலர் கையில் இருந்தால் போதும், தினமும் வேண்டாம் என்றார். அந்த அக்டோபர் வாரத்துக்குப் பிறகு நீங்கள் ஒன்றும் தொடவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். "எங்கப்பா நெசமாலுமே உட்டுட்டாருங்க" என்று.

இனி நடந்தது. இரவு சாப்பிடும்போது திடீரென்று, "அம்மா, அப்பாரு சிகரெட்டுப் புடிச்சு, அப்பா புடிச்சு, எனக்கும் அது வருமா?" என்றாள். அதைப் பேச அவளுக்குப் பதினைந்து வயது ஆகட்டும் என்று நான் இருந்தேன்.

"யாரு கண்ணு உனக்குச் சொன்னது?"

"அப்பாதான். கோயில்ல நான் கேட்டேன். வந்தாலும் வரும், வராமயும் இருக்கும், யாருக்கும் தெரியாதுன்னாரு. மொத ஒண்ணப் புடிக்காம இருந்தா அது தூங்கிட்டே இருக்குமாமா."

நல்ல பதில்தான் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"நான் தெரியாம ஒண்ணு புடிச்சுப்போட்டா என்னங்கப்பா பண்றதுன்னு கேட்டேன். அப்பவும் எங்கிட்ட வந்து சொல்லு, நான் திட்டமாட்டேன், எப்படி உடறதுன்னு சொல்லித்தாரேன்னாரு. அம்மாகிட்டக் கேக்கலாமான்னு கேட்டேனா, அம்மாவுக்குத் தெரியாது கண்ணு, அம்மாவுக்கு அது சும்மா வந்துருச்சு, உடறதுக்கு இந்த ஊட்டுல எனக்குத்தான் தெரியும்னு சொன்னாரு. நெசமாம்மா? உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா கண்ணு. எனக்குத் தெரியாது. அப்பாகிட்டத்தான் கேக்கோணும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.

பரீட்சை முடிந்ததும் இருவரும் மூட்டையோடு வருகிறோம். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

உங்கள்
ப்ரியா